வெண்டிலேட்டரை அடைக்காதீர்கள்: எங்கள் ஊர்ப் படிப்பகக் குழுவுக்கு ஓர் ஏ.சி. மெக்கானிக்கின் திறந்த மடல்

படிப்பகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

படிப்பகக் கூடத்துக்கு ஏ.சி. போடுவதென்று தீர்மானம் போட்டு, சென்ற வாரம் என்னிடம் ஒரு கொட்டேஷன் கேட்டிருந்தீர்கள். இரண்டு டன் ஸ்பிலிட் ஏ.சி. பத்து. கூடம் முழுவதும் 9 அடி உயரத்தில் பொய்க்கூரை. மேலே உள்ள 16 வெண்டிலேட்டர்களையும் செங்கல் வைத்துப் பூசிவிடுவது. 12 ஜன்னல்களில் மரக்கதவைக் கழற்றிவிட்டுத் திறக்க முடியாத கண்ணாடி. நான் கொட்டேஷன் தரவில்லை. அதற்குப் பதில் இதை எழுதுகிறேன்.

நேரில் வந்து பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசினேன். நான் படியிறங்கிய பிறகு, "ஏ.சி. மாட்டுகிறவனே வேண்டாம் என்கிறான், விலையை ஏற்றப் பார்க்கிறான்" என்று செயலாளர் அண்ணாச்சி சொன்னது மறுநாளே டீக்கடையில் என் காதுக்கு வந்துவிட்டது. ஆகவே ஊரறிய எழுதுகிறேன்.

என் பிழைப்பே ஏ.சி.தான். 1998-இல் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றேன். அம்பாசமுத்திரம் முதல் பாளையங்கோட்டை வரை நகைக்கடை, ஜவுளிக்கடை, டாக்டர் அறை, புதுமணத் தம்பதிக்கு எடுத்துக் கட்டிய மாடி அறை என்று நான் மாட்டியதற்குக் கணக்கில்லை. ஏ.சி. ஆடம்பரம் என்று பிரசங்கம் செய்கிற ஆள் நான் இல்லை. உங்கள் பத்தையும் மாட்டும் கூலி, அதன் பிறகு வருடம் முழுவதும் சர்வீஸ், எல்லாம் என் வீட்டுக்குத்தான் வந்திருக்கும். வேண்டாம் என்று சொன்னால் எனக்குத்தான் நட்டம். அதையாவது யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

திருநெல்வேலியில் ஒரு நிதி நிறுவனக் கிளை. பெயர் வேண்டாம். "குளிர் குறைந்துவிட்டது, கேஸ் போடவேண்டும்" என்று கூப்பிட்டார்கள். கேஸ் சரியாகவே இருந்தது. முன்மூடியைக் கழற்றினேன். ஃபில்டர் வலை கம்பளிபோல் தூசி பிடித்துக் கிடந்தது. அது எங்கும் உள்ளதுதான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ப்ளோயர் உருளையின் ஒவ்வோர் இதழிலும் கறுப்புப் படை. விரலை வைத்தால் வழுக்கியது. தண்ணீர் வடியும் டிரேயில் நுங்கு போல, ஆனால் சாம்பல் நிறத்தில், ஒரு சவ்வு படிந்திருந்தது. நுனியைப் பிடித்துத் தூக்கினேன், கிழியாமல் ஒரே துண்டாக எழுந்து வந்தது. பம்பு வைத்து அடித்துக் கழுவிய தண்ணீர் வாளியில் அடுப்புக்கரி கரைத்ததுபோல் நின்றது. மழையில் நனைந்து காயாத சாக்கின் நாற்றம். அந்த இயந்திரத்துக்கு நேர் கீழே இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் பெண் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் நான் மூச்சிழுத்தது இதையா அண்ணா?" என்றார். வாரம் முழுவதும் அவருக்குத் தொண்டைக் கரகரப்பும் வறட்டு இருமலும். ஞாயிற்றுக்கிழமை தணியும், திங்கட்கிழமை மதியம் திரும்பி வரும். வேலைப்பளு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. அறைக் காற்று குளிர்ந்த சுருள்மேல் படும்போது அதிலுள்ள ஈரம், ஐஸ் தண்ணீர் டம்ளரில் முத்துமுத்தாகக் கோப்பதுபோல் கோத்துக்கொள்ளும். புழுக்கமான நாளில் ஓர் இயந்திரமே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் விடும். அந்த ஈரத்தில் தூசியும், நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளும் ஒட்டுகின்றன. இருட்டு, ஈரம், தீனி மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேறென்ன வேண்டும்? இரவில் அணைத்துவிட்டுப் போகிறீர்கள், உள்ளே காயாமல் கிடந்து ஊறுகிறது. காலையில் போட்டவுடன் முதல் பத்து நிமிடம் வரும் அந்த வாடை வெறும் வாடை இல்லை. பூஞ்சையின் வித்துகளும் சேர்ந்து பறக்கின்றன. ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வர அது போதும். எனக்கே முகக்கவசம் கட்டாமல் வேலை பார்த்த முதல் பத்து வருடத்தின் பரிசாக இருமல் ஒன்று இன்றும் இருக்கிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பூச்சாண்டி காட்டுவதாகச் சொல்வீர்கள். ஏ.சி. என்றதும் சிலர் 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஹோட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டை ஒட்டி நிமோனியா பரவி 34 பேர் இறந்ததைச் சொல்வார்கள். லெஜியோனெல்லா என்று பிறகு பெயரிட்ட பாக்டீரியா அது. வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகி நுண்திவலையாகக் காற்றில் வருவது. பெரிய கட்டடங்களின் ஏ.சி.க்காகத் தண்ணீரைத் தூவிக் குளிரவைக்கும் கூலிங் டவர்தான் அதற்குத் தோதான இடம். நீங்கள் கேட்டிருக்கும் ஸ்பிலிட் இயந்திரத்தில் கூலிங் டவர் கிடையாது. அந்தப் பயத்தை உங்கள் தலையில் ஏற்ற மாட்டேன்.

சவ்வையும் கறுப்புப் படையையும்கூட என்னால் கழுவிவிட முடியும். என்னால் கழுவ முடியாதது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஸ்பிலிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. படித்தவர்கள், அதிகாரிகள், ஏன், உங்கள் குழுவிலேயே இரண்டு பேர், வெளியே சுவரில் மாட்டும் பெட்டி நல்ல காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே போவது இரண்டு செம்புக் குழாயும் வயரும்தான். குழாயில் ஓடுவது கேஸ். அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் இழுத்து, குளிரவைத்து, அதே ஆட்களின் முகத்தில் திரும்ப ஊதுகிறது. கிருமியைப் பிடிக்கும் ஃபில்டர் என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பதைப் பொருளாளர் காட்டினார். அந்த வலையின் கண்ணை வெறுங்கண்ணால் பார்க்கலாம். நூலும் முடியும் சிக்கும். ஒருவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிவந்து காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. ஆட்டுப்பட்டி வேலிக்குள் கொசு நுழைவதுபோல் நுழைந்துவிடும்.

இப்போது என் வீட்டுக் கதை. என் மகள் இயற்பியல் பட்டம் முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். சென்ற ஆண்டு ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தேன். ஒரே கூடத்தில் 90 பிள்ளைகள், நாலு ஏ.சி., ஜன்னலெல்லாம் கண்ணாடி, கதவுக்குத் தானாக மூடிக்கொள்ளும் வில். தினமும் மாலை தலைவலியோடு வருவாள். முன்வரிசையில் ஒரு பையன் மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தான். தேர்வு நெருங்குகிறது என்று அவனும் டாக்டரிடம் போகவில்லை, போ என்று யாரும் சொல்லவும் இல்லை. கடைசியில் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்களையெல்லாம் பரிசோதித்தார்கள். என் மகள் தப்பினாள். அவள் தோழி ஒருத்தி தப்பவில்லை. ஆறு மாதம் மாத்திரை, அந்த வருடத் தேர்வு போயிற்று. அந்தப் பையனை எல்லோரும் குற்றவாளிபோல் பார்த்தார்கள். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இருக்கும் நாட்டில், 90 பேர் கூடும் அறையில் என்றாவது ஒருவருக்கு அது இருக்கத்தான் செய்யும். அறை அதைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

அதற்கு முன்பே ஒரு நாள், மகளின் தலைவலிக்குக் காரணம் பார்ப்போம் என்று, தொழிலுக்காக வாங்கிய கரியமில வாயு மீட்டரை அவள் பையில் போட்டு அனுப்பியிருந்தேன். வெளிக்காற்றில் 420 வாக்கில் காட்டும் மீட்டர் அது. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு. மதியம் அந்தக் கூடத்தில் 2,800 காட்டியது. நாம் விடும் மூச்சில் அது சுமார் 40,000 இருக்கும். மகள் நோட்டில் வகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, நாங்கள் இழுக்கும் பதினாறு, பதினேழு மூச்சுக்கு ஒரு மூச்சு இன்னொருவர் விட்டது." அதே மீட்டரை மறுவாரம் நம் படிப்பகத்தில் வைத்தேன். 90 பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். 640. கணக்குப்படி 180 மூச்சுக்கு ஒன்று.

அந்த 640-க்குக் காரணமான கட்டடத்தைத்தான் நீங்கள் மாற்றப் போகிறீர்கள்.

கட்டியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். தேக்கு உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மட்டப்பாக் கூரை, 14 அடி உயரம். மேற்கே ஆறு ஜன்னல், கிழக்கே ஆறு. கூரையை ஒட்டி வெண்டிலேட்டர்கள். கீழே நுழையும் காற்று சூடாகி மேலேறி வெளியே போய்விடும். அரசமரத்தடி வாட்ச்மேன் தாத்தா காலை ஆறரை மணிக்குத் தொரட்டியை எடுத்துக்கொண்டு வந்து பதினாறையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் திறக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால் மேசைமேல் ஒரு தாள் நிற்காது. அதற்காகத்தான் ஒவ்வொரு மேசையிலும் ஆற்றிலிருந்து பொறுக்கி வந்த கூழாங்கற்கள். பல வருடத்துக்கு முன் நான் வைத்துப் படித்த, ஓரத்தில் வெள்ளைக்கோடு ஓடும் தட்டைக் கல்லை இப்போது என் மகள் வைத்திருக்கிறாள். உங்கள் தீர்மானத்தில், "காற்றில் தாள்கள் பறப்பதாகப் புகார்" என்று ஒரு வரி இருக்கிறது. யார் புகார் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. (ஜன்னல் என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடம் வாங்கியது, தமிழில் அதற்குக் காலதர் என்று பெயர், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி என்று மகள் சொல்கிறாள். காற்றின் வழியைக் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டு அதை என்னவென்று கூப்பிடுவது?)

கூடம் 60 அடிக்கு 28 அடி. இப்போதைய உயரத்தில் அதற்குள் இருக்கும் காற்றை 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் 55 லாரி. பொய்க்கூரை போட்டால் 35 லாரியாகச் சுருங்கும். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை 110 பேர். ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். எல்லோருமாக மணிக்கு நாலு லாரி மூச்சு. பன்னிரண்டு மணி நேரம். வெளியே போக வழி? கதவு திறந்து மூடும் அந்தச் சில நொடிகள்தான். மின்கட்டணம் ஏறுகிறது என்று அதையும் சாத்தச் சொல்வீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு, இத்தகைய பொது இடத்தில் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று. நமக்கு அது மணிக்கு 330 லாரி. உங்கள் திட்டத்தில் அதற்கென்று ஒரு சிறு காற்றாடிகூட இல்லை. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னலில்லாத ஒரு ஏ.சி. உணவகத்தில் அடுத்தடுத்த மூன்று மேசைக் குடும்பங்களில் பத்துப் பேருக்குக் கொரோனா கண்டதே, அங்கே பிறகு அளந்து பார்த்தபோது கிடைத்த அளவு ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் வாக்கில்தான். அதற்கும் முன்னால், 1977-இல் அலாஸ்காவில் எஞ்சின் கோளாறால் ஒரு விமானம் மூன்று மணி நேரம் தரையில் நின்றது. காற்றோட்டம் இல்லை. உள்ளே காய்ச்சலோடு ஒருவர். மூன்று நாளைக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் ஃபுளூவில் படுத்தார்கள். மூன்று மணி நேரம்தான் அது. நம் பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறார்கள்.

பழைய கட்டடம் என்று நீங்கள் வெட்கப்படுவதால் இன்னொன்றையும் சொல்கிறேன். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று முழுதாக மாறியது. காசநோய்க்கென்றே இயந்திரக் காற்றோட்டம் அமைத்த நவீன அறைகளுக்கு விதித்த அளவோ 12. திறந்த அறைகளிலும் ஐம்பது வருடத்துக்கு முந்திய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்டவற்றில் 40, புதியவற்றில் 17. நம் தாத்தாக்கள் கட்டியது எந்த வகை என்று அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

புறா எச்சத்தைப் பற்றிய உங்கள் புகார் நியாயமானது. அதிலும் பூஞ்சை உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. அதற்கு மருந்து கம்பிவலை, செங்கல் இல்லை. சித்திரை, வைகாசியில் மதியம் கூடத்தில் உட்கார முடியவில்லை என்பதும் உண்மைதான், நானும் வியர்த்து வழிந்து படித்தவன்தான். ஆனால் கூரையை யாராவது ஏறிப் பார்த்தீர்களா? சுண்ணாம்புப் பூச்சு போய்க் கறுத்துக் கிடக்கிறது. மேற்கு வராந்தாவில் தட்டி கட்டி எத்தனை வருடம் ஆயிற்று? எட்டு மின்விசிறியில் மூன்று ஓடவில்லை. இவற்றைச் செய்யாமல் நேரே 20 டன் ஏ.சி.க்குத் தாவியது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நன்கொடையாளரின் பெயரைப் பொறிக்கச் சுண்ணாம்பில் இடம் இல்லை என்பதாலா? பொய்க்கூரை வேறு. ஐப்பசி மழையில் அந்த மட்டப்பா இரண்டு இடத்தில் ஒழுகும், ஊருக்கே தெரியும். இப்போது ஒழுகினால் வாளி வைக்கிறோம். பொய்க்கூரைக்கு மேல் ஒழுகினால் பலகை நனைந்து பூஞ்சை பூத்த பிறகுதான் கீழே கறை தெரியும்.

நான் கேட்பது இவைதான்.

வெண்டிலேட்டர் அடைப்பதையும் பொய்க்கூரையையும் கண்ணாடி ஜன்னலையும் தீர்மானப் புத்தகத்திலேயே ரத்து செய்யுங்கள். "ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுதாதீர்கள். அது எங்கே போய் முடியும் என்று எங்களுக்குத் தெரியும். பங்குனி முடியுமுன் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, மேற்கே தட்டி, ஓடாத மூன்று விசிறிகளைச் சரிசெய்வதோடு புதிதாக ஆறு, கிழக்கு வெண்டிலேட்டர்களில் நாலில் காற்றை வெளியே தள்ளும் விசிறி. எல்லா வெண்டிலேட்டருக்கும் கம்பிவலை. வலை அடிக்கும் வேலைக்கு நான் கூலி வாங்க மாட்டேன், வலையை மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

ஏ.சி. கட்டாயம் வேண்டுமென்றால் வடக்கே இருக்கும் பழைய ஏட்டறையில் இருபது பேருக்கு மட்டும், வெயில் மாதங்களுக்கு மட்டும் போடுங்கள். வெளிக்காற்றை இழுத்துவரும் விசிறி அதில் கட்டாயம், மணிக்கு 720 கன மீட்டருக்குக் குறையாமல். கரியமில வாயு மீட்டரை உட்காருகிறவர்களின் கண்ணுக்குத் தெரியும்படி சுவரில் மாட்டுங்கள். 1,000 தாண்டினால் யாரையும் கேட்காமல் ஜன்னலைத் திறக்கும் உரிமை பிள்ளைகளுக்கு இருக்க வேண்டும். ஃபில்டர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, குளிர்ச் சுருள், ப்ளோயர், டிரே மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவிய தேதியும் கழுவியவர் கையெழுத்தும் கதவில் ஒட்டியிருக்கட்டும். அது நானாக இருக்க வேண்டியதில்லை. இரவு மூடுமுன் அரை மணி நேரம் குளிரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டு உள்ளே காயவையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற பிள்ளை சளிப் பரிசோதனைக்குப் போய் வரும்வரை அவர் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. வராந்தாவில் அவருக்கு ஒரு மேசை போடுங்கள். இடம் போய்விடும் என்ற பயத்தில்தான் அவர்கள் நோயை மறைக்கிறார்கள்.

வேறு யாரிடமாவது கொட்டேஷன் வாங்கியிருந்தால் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அங்கே படிக்கும் பிள்ளைகளையும் வைத்து ஒரு கூட்டம் போடுங்கள். ஏ.சி. வந்தால் யார் குளிரில் உட்காரப் போகிறார்களோ அவர்களிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினைந்து நாளைக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

கடைசியாக ஒன்று. தீர்மானம் போட்ட மறுநாளே, இனித் தேவைப்படாது என்று வாட்ச்மேன் தாத்தாவின் தொரட்டியை வாங்கி அலுவலக பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறீர்கள். பத்து நாளாக வெண்டிலேட்டர்கள் மூடியே கிடக்கின்றன. குழுக் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அதை நாளைக் காலை ஆறரை மணிக்கு முன்னால் அவர் கையில் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இந்தப் படிப்பகத்தில் படித்த ஓர் ஏ.சி. மெக்கானிக்